வீட்டுப் பட்டறையில குட்டி இன்ஜின் செய்யறது: அடிக்கடி கேக்கற கேள்விங்க

வீட்டுல லேத் (கடைசல் மெஷின்) வெச்சு குட்டி இன்ஜின் செய்யறேன்னு தெரிஞ்சா போதும், கேள்வி மேல கேள்வி வரும், அதுல பாதி ஒரே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா மொத்தமா ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் இருக்கறது கோயமுத்தூர், திரும்பின பக்கமெல்லாம் கடைசல் பட்டறை இருக்கற ஊரு, அதனால சில சமாச்சாரம் எனக்கு ஈசியா கிடைக்குது, மத்த ஊர்க்காரங்க அதைக் கொஞ்சம் கழிச்சுட்டு படிங்க.

மாடல் இன்ஜின்னா ஷோகேஸ்ல வைக்கற பொம்மைதானே?

இல்லைங்க, ஓடணும். சிலிண்டர், பிஸ்டன், கிராங்க் (பிஸ்டனோட ஆட்டத்தை சுத்தலா மாத்தறது), ஃப்ளைவீல் (கனமான சக்கரம்) எல்லாம் நிஜ இன்ஜின்ல இருக்கற மாதிரியே உலோகத்துல செஞ்சு, காத்தோ ஆவியோ குடுத்தா தானா சுத்தணும். இங்கிலாந்துல இது நூறு வருஷத்துக்கும் மேல நடக்கற ஹாபி. அங்க ஸ்டுவர்ட்னு ஒரு கம்பெனியோட 10வி ஸ்டீம் இன்ஜின் ரொம்ப பேமஸ், முக்கால் இன்ச் போர் (சிலிண்டரோட உள் விட்டம்), முக்கால் இன்ச் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு பக்கமா நகர்ற தூரம்), மேஜை ஓரத்துல வைக்கற சைஸ்தான், காஸ்டிங்கா (வார்த்த துண்டுகளா) வாங்கி வீட்டுல மெஷின் பண்ணிக்கறது.

"இந்த வயசுல பொம்மையா"ன்னு வீட்டுல கேட்டா ஜேம்ஸ் வாட் கதையைச் சொல்லுங்க. கிளாஸ்கோ யூனிவர்சிட்டில கருவி செஞ்சுட்டு இருந்தவரு, 1763-64 வாக்குல அவர் கைக்கு ரிப்பேருக்கு வந்தது ஒரு நியூகோமன் இன்ஜினோட (வாட்டுக்கு முந்தின பழைய ஸ்டீம் இன்ஜின்) மாடல். சில ஸ்ட்ரோக் ஓடும், அப்புறம் பாய்லரால ஆவி குடுக்க முடியாம நின்னுடும். சிலிண்டர் சின்னதாக ஆக உள்ள பிடிக்கற அளவை விட சுவரோட பரப்பு ஜாஸ்தியாயிடும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அந்த சுவரை சூடு பண்ணி திருப்பி குளிர வெச்சே ஆவியெல்லாம் காலி. அதை நோண்டப் போய்தான் 1765-ல தனி கண்டென்சர் (ஆவியை சிலிண்டருக்கு வெளிய குளிர வைக்கற பாத்திரம்) யோசனை வந்துச்சு, 1769-ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. ஆக நம்ம இன்ஜின்ல ஆவி ஏன் இவ்ளோ சீக்கிரம் தண்ணியாயிடுதுன்னு கேக்கறவங்களுக்கும் இதேதான் பதில்.

முதல் இன்ஜின் எது செய்யலாம்?

வாப்ளர், வேற யோசனையே வேண்டாம். ஆசிலேட்டிங் இன்ஜின்னும் சொல்வாங்க. இதுல வால்வு கிடையாது, எக்சென்ட்ரிக் (வால்வை ஆட்டற சக்கரம்) கிடையாது, கனெக்டிங் ராடுக்கு தனி ஜாயின்ட் கூட கிடையாது. பிஸ்டன் ராடு நேரா கிராங்க் பின்ல மாட்டிக்கும், கிராங்க் சுத்தும்போது சிலிண்டரே ஒரு பிவட்ல (ஆடறதுக்கான அச்சுல) இடமும் வலமும் ஆடும். சிலிண்டர் முகத்துல ஒரு ஓட்டை, பின்னாடி நிக்கற ஸ்டாண்டுல ரெண்டு ஓட்டை. இந்தப் பக்கம் சாயும்போது காத்து உள்ள போற ஓட்டையோட சேரும், அந்தப் பக்கம் சாயும்போது வெளிய விடற ஓட்டையோட சேரும். ஆடறதே வால்வு வேலையைப் பார்த்துக்கும். உள்ள வர்ற பைப்பையும் வெளிய போறதையும் மாத்தி சொருகினா அப்படியே ரிவர்ஸ்ல ஓடும், பசங்களுக்கு அதைக் காட்டினா விடவே மாட்டாங்க.

நிறைய பேர் இதைக் கேவலமா பார்த்துட்டு நேரா ரெட்டை சிலிண்டர், லோகோன்னு ஆரம்பிச்சு, பாதி செஞ்ச பார்ட்ஸை பிஸ்கட் டப்பாவுல போட்டு பரண்ல ஏத்திடறாங்க. முதல் இன்ஜின் முடியணும், ஓடணும், அழகெல்லாம் ரெண்டாவதுல பார்த்துக்கலாம்.

நேரா பெட்ரோல் இன்ஜினே செஞ்சா என்ன?

செய்யலாம், ஆனா ஓடலைன்னா எதனால ஓடலைன்னு கண்டுபிடிக்க முடியாது, அதுதான் பிரச்சனை. கம்ப்ரஷன் நிக்கணும், வால்வு சீட்டு லீக் இல்லாம உக்காரணும், ஸ்பார்க் சரியான நேரத்துல வரணும், கார்புரேட்டர் சரியா கலக்கணும், இந்த நாலும் ஒரே நேரத்துல சரியா இருந்தாத்தான் முதல் தடவை "டப்"னு ஒரு சத்தமாவது வரும். வாப்ளர்ல அப்படி இல்ல, காத்து எங்க போகுதுன்னு காதுலயே கேக்கலாம்.

டீசல் கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 5 சிசி சிலிண்டர் உள்ள இழுக்கற காத்து சுமார் 6 மில்லிகிராம். இருபது பங்கு காத்துக்கு ஒரு பங்கு டீசல்னு வெச்சா டீசல் 0.3 மில்லிகிராம், அதாவது அரை கன எம்எம் கூட வராது. அந்தத் துளியை ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அளந்து, ஹை பிரஷர்ல தெளிக்கற பம்பை வீட்டுல செய்யணும். கை தேர்ந்தவங்க பண்றாங்க, முதல் இன்ஜினுக்கு வேண்டாம்.

ஏரோமாடல்ல (குட்டி விமானத்துல) வர்ற க்ளோ பிளக் இன்ஜினுக்கு (ஸ்பார்க்குக்கு பதிலா சூடான கம்பி பத்த வைக்கும்) எரிபொருள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்தது. விளக்கெண்ணெய் மளிகைக் கடைல கிடைக்கும், மெத்தனால் அப்படி இல்ல, தமிழ்நாட்டுல அது லைசென்ஸ் சமாச்சாரம், எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் போகாதீங்க.

எனக்கு ரொம்ப நாள் ஆசை, நம்ம தோட்டத்துக் கிணத்துல ஓடின லிஸ்டர் டைப் ஆயில் இன்ஜினை சின்னதா செய்யணும்னு, ரெண்டு பக்கமும் பெரிய ஃப்ளைவீல், 650 ஆர்பிஎம், நின்னு நிதானமா அடிக்கும். டீசலுக்கு பதிலா ஸ்பார்க் பிளக் வெச்சு செஞ்சா சாத்தியம்தான். ஆனா அது மூணாவது நாலாவது இன்ஜின்.

லேத் கண்டிப்பா வேணுமா? எந்த லேத்?

வேணும். டிரில்லிங் மெஷினும் அரமும் மட்டும் வெச்சு வாப்ளர் செஞ்சவங்க இருக்காங்க, அவங்களுக்குக் கும்பிடு, ஆனா சிலிண்டரும் கிராங்க் டிஸ்க்கும் லேத்துல அரை மணி நேர வேலை, கையால ஒரு தவம்.

இப்ப எல்லாரும் வாங்கறது சைனா மினி லேத், 180 எம்எம் ஸ்விங் (சுத்தக்கூடிய அதிகபட்ச விட்டம்), சென்டருக்கு சென்டர் 300 இல்ல 350 எம்எம். இந்த சைஸ் இன்ஜினுக்கு தாராளம். பெட்டில இருந்து எடுத்து அப்படியே ஓட்டாதீங்க, கிரீஸைத் துடைச்சு, ஜிப் ஸ்க்ரூவெல்லாம் (நகர்ற பாகத்தோட ஆட்டத்தை எடுக்கறது) டைட் பண்ணி, டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்ப்பக்க தாங்கி) நேரா இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. இன்னொரு வழி பழைய நாலரை அடி லேத்து. பட்டறைய மூடறவங்ககிட்ட கிடைக்கும், மினி லேத் விலைக்கே கூட படியும், வெட்டும்போது அசையாது. ஆனா இறக்கறதுக்கு ஆளு வேணும், தரைத்தளம் வேணும், அப்புறம் மோட்டார் த்ரீ ஃபேஸா இருக்கும். வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தானேன்னு விட்டுடாதீங்க, சிங்கிள் ஃபேஸ் இன்புட் விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸா மாத்தித் தர்ற பெட்டி) ஒண்ணு போட்டா போதும். ஒரு விஷயம் மட்டும் கவனம், அந்த விஎஃப்டி வெளிய குடுக்கறது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ், சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415-க்கு ஸ்டார்ல கட்டியிருப்பாங்க, டெர்மினல் பாக்ஸைத் திறந்து டெல்டாவுக்கு மாத்தணும். நேம் பிளேட்டைப் பார்த்துட்டு வைண்டிங் கடைக்காரர்கிட்ட காட்டிட்டு பண்ணுங்க.

செலவு எவ்ளோ ஆகும்னு கேக்கறவங்களுக்கு: லேத்துக்கு எவ்ளோ குடுத்தீங்களோ கிட்டத்தட்ட அதே அளவு டிரில், டேப் (ஓட்டைக்குள்ள திரெட் போடறது), ரீமர் (ஓட்டையை துல்லியமான அளவுக்கு கொண்டு வர்றது), ஃபோர் ஜா சக் (நாலு தாடைப் பிடி), டயல் கேஜ்னு போயிடும். வீட்டுல முதல் தொகையை மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் கஷ்டம்.

மில்லிங் மெஷின்?

வாப்ளருக்கு வேண்டாம். ஃபோர் ஜா சக்ல பிடிச்சு ஃபேசிங் (முகத்தை சமமா சீவறது) பண்ணினாலே எல்லா தட்டையான முகமும் வந்துடும்.

லேத்தே வாங்க முடியல, பட்டறையில குடுத்து செய்யலாமா?

தாராளமா. கணபதி, பீளமேடு பக்கமெல்லாம் ஜாப் ஒர்க் பண்ற சின்னப் பட்டறைங்க இருக்கு. ஆனா படம் இல்லாம போகாதீங்க. "அண்ணா, இந்த பிஸ்டன் இந்த சிலிண்டருக்குள்ள போகணும்"னு வாயால சொன்னா, அவர் கேக்கற முதல் கேள்வி "எத்தனை தௌ விடணும் தம்பி?" அதுக்கு பதில் தெரியணும். ஒரு தௌங்கறது இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு, 0.0254 எம்எம். நம்ம பிஸ்டனுக்கு ஒரு தௌ பிளே போதும். பழைய ஆளுங்க நூல் கணக்கும் பேசுவாங்க, ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், தகடு வாங்கும்போது ரெண்டு நூல் தகடுன்னு கேட்டா கால் இன்ச் குடுப்பாங்க. இன்னொண்ணு, ஒத்தப் பீஸுன்னா அவங்களுக்குக் கட்டாது, மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறமா, வேலை கம்மியா இருக்கற நாளா பார்த்துப் போங்க, எதுக்குன்னு சொல்லுங்க. இன்ஜின்னு சொன்னா முகமே மாறிடும், சில பேர் காசே வாங்க மாட்டாங்க.

மெட்டீரியல் என்ன, எங்க வாங்கறது?

சிலிண்டருக்கு பித்தளை இல்ல கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை). பிஸ்டனுக்கு காத்துல மட்டும் ஓட்டறதுன்னா மைல்டு ஸ்டீல், ஆவின்னா துரு பிடிக்கும், அதனால கன்மெட்டல் இல்ல ஸ்டெயின்லெஸ். அலுமினியம் சிலிண்டருக்குள்ள அலுமினியம் பிஸ்டன் மட்டும் போடவே போடாதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பிறாண்டி, அப்படியே இறுகிடும். ஷாஃப்டுக்கு கிரவுண்ட் ராடு வாங்கிட்டா கடையவே வேண்டாம், அப்படியே பேரிங்ல போகும்.

ஃப்ளைவீலுக்கு வார்ப்பிரும்பு. ஃபவுண்ட்ரில ஒரு பீஸ் ஊத்தித் தர மாட்டாங்க. பழைய கார் பிரேக் டிஸ்க், டிரம் எல்லாமே வார்ப்பிரும்புதான், ஸ்கிராப்ல வாங்கி துண்டு போட்டுக்கலாம். சென்னைக்காரங்களுக்கு புதுப்பேட்டை இருக்கு, டூல்ஸுக்கு பாரிஸ் பக்கம், எங்களுக்கு நஞ்சப்பா ரோடு.

வார்ப்பிரும்புல ஒரு விஷயம், மேல்தோல் கல்லு மாதிரி இருக்கும். பயந்துகிட்டு லேசா லேசா சீவினீங்கன்னா டூல் முனை அந்தத் தோல்லயே தேய்ஞ்சு போயிடும். முதல் கட்டே தோலுக்கு அடியில போற மாதிரி ஆழமா வைங்க, அடியில வெண்ணெய். ஸ்பீடும் குறைங்க, 60 எம்எம் ஃப்ளைவீலுக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்னா நூறு ஆர்பிஎம் பக்கம்தான். அதே டூல்ல 12 எம்எம் மைல்டு ஸ்டீல் ராடுக்கு 650 வரை போகலாம்.

அளவெல்லாம் எப்படி முடிவு பண்றது? டிராயிங் இருக்கா?

டிராயிங் நெட்ல நிறைய இருக்கு, ஆனா கணக்கு புரிஞ்சா கையில இருக்கற மெட்டீரியலுக்கு ஏத்த மாதிரி நீங்களே போட்டுக்கலாம். ஒரு உதாரணத்தை முழுசா சொல்றேன்.

போர் 12 எம்எம், ஸ்ட்ரோக் 16. அப்ப கிராங்க் த்ரோ (ஷாஃப்ட் நடுவுல இருந்து பின் நடு வரைக்கும்) அதுல பாதி, 8. கிராங்க் சென்டர்ல இருந்து பிவட் வரைக்கும் 48 எம்எம்னு வைங்க. சிலிண்டர் அதிகபட்சம் எவ்ளோ சாயும்னா, 8-ஐ 48-ஆல வகுத்தா ஆறுல ஒரு பங்கு, கோணமா சொன்னா ஒன்பதரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. பிவட்ல இருந்து 18 எம்எம் மேல சிலிண்டர் ஓட்டை. 18-ல ஆறுல ஒரு பங்கு 3, ஆக அந்த ஓட்டை நடுவுல இருந்து இடப்பக்கம் 3 எம்எம், வலப்பக்கம் 3 எம்எம் போய் வரும். ஸ்டாண்டுல ரெண்டு ஓட்டையும் அந்த இடத்துலதான் போடணும், ரெண்டுக்கும் நடுவுல 6 எம்எம்.

ஓட்டை சைஸ் என்ன? பிஸ்டன் உச்சில இருக்கும்போது சிலிண்டர் நேரா நிக்கும், அப்ப அதோட ஓட்டை ரெண்டு பக்கமும் தொடவே கூடாது. நடு தூரம் 3 எம்எம், அதனால 3 எம்எம் டிரில் போட்டா விளிம்போட விளிம்பு முட்டும், லீக் ஆகும். 2.5 போட்டா ரெண்டு பக்கமும் அரை எம்எம் மூடி நிக்கும், அது போதும்.

மார்க்கிங் பண்ணும்போது ஸ்கேல் வெச்சு குறுக்கா அளக்காதீங்க. டிவைடரை 18-க்கு செட் பண்ணி, பிவட் ஓட்டைல ஊன்றி ஒரு வில் போடுங்க, ஓட்டை ரெண்டும் அந்த வில்லு மேலதான் உக்காரணும், ஏன்னா சிலிண்டர் ஓட்டை போறது நேர்கோட்டுல இல்ல, வளைவுல. இதை நேர்கோட்டுல போட்டுட்டு ஓடலையேன்னு கேட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி.

சிலிண்டர் போர் எப்படி போடறது? அதுதான் பயமா இருக்கு.

25 எம்எம் சதுர பித்தளையை ஃபோர் ஜா சக்ல பிடிச்சு, டயல் கேஜ் வெச்சு சென்டர் எடுங்க. சென்டர் டிரில், அப்புறம் படிப்படியா டிரில், கடைசியா 11.7. அதுக்கு மேல 12 எம்எம் ஹெச்7 ரீமர். ரீமர் நல்லதா இருந்தா போர் 12.000-ல இருந்து 12.018 எம்எம்குள்ள வந்து நிக்கும், அந்த அளவு வரம்பைச் சொல்றதுதான் ஹெச்7. மெதுவான ஸ்பீடு, எண்ணெய், ஒரே சீரா உள்ள விட்டு, சுத்திட்டே வெளிய எடுக்கணும். ரீமரை எந்தக் காரணத்துக்கும் பின்னாடி சுத்தாதீங்க, முனை மழுங்கி போர்ல கீறல் விழும்.

அதே பிடியில, சக்கை லூஸ் பண்ணாம, கீழ் முகத்தையும் ஃபேசிங் பண்ணிடுங்க. பிவட் ஸ்டட்டுக்கு பக்கவாட்டுல எம் 4 டேப் போடணும். சுவர் ஆறரை எம்எம்தான் இருக்கும், அதனால 3.3 டிரில்லை 5 எம்எம் ஆழத்தோட நிறுத்துங்க, டிரில்ல ஒட்டற டேப் (திரெட் போடற டேப் இல்ல) சுத்தி அடையாளம் வெச்சுக்கலாம். உள்ள போருக்குள்ள வந்துடுச்சுன்னா சிலிண்டர் போச்சு.

போரை வெர்னியர் வெச்சு அளந்து ஏமாறாதீங்க, உள்பக்கத் தாடை சின்ன ஓட்டைல எப்பவுமே கம்மியா காட்டும். அதுக்கு பதிலா ஒரு ஸ்டீல் துண்டுல 11.98, 12.00, 12.02-ன்னு மூணு படி கடைஞ்சு வெச்சுக்கோங்க, எந்தப் படி வரை உள்ள போகுதுன்னு பாருங்க, அதுதான் உங்க போர். பிஸ்டனை அதுக்கு ஏத்த மாதிரி 0.02 இல்ல 0.03 கம்மியா கடையுங்க. ரிங் வேண்டாம், ரெண்டு மூணு மெல்லிய கோடு மாதிரி பள்ளம் போட்டு விட்டா எண்ணெய் அதுல நின்னு சீல் பண்ணிக்கும்.

செக் பண்றது எப்படின்னா, எண்ணெய் போட்டு பிஸ்டனை உள்ள விட்டு, மேல் மூடியையும் மாட்டி, போர்ட்டை (காத்து போற ஓட்டையை) விரலால அழுத்தி மூடிட்டு பிஸ்டனை வெளிய இழுங்க. விரல் தோலை உள்ள இழுக்கும். பிஸ்டனை விட்டா அதுவே உள்ள ஓடிப் போகும், விரலை எடுத்தா "ப்ளக்"னு சத்தம் வரும். அந்த சத்தம் வந்துடுச்சுன்னா பாதி இன்ஜின் முடிஞ்சுது.

சிலிண்டர் முகத்துல காத்து லீக் ஆகுது, ஸ்பிரிங்கை எவ்ளோ டைட் பண்ணாலும் நிக்கலை.

ஸ்பிரிங் பிரச்சனையே இல்ல அது. 2.5 எம்எம் ஓட்டையோட பரப்பு 5 சதுர எம்எம் கூட இல்ல, ஒரு பார் (கிட்டத்தட்ட நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம் அளவு) பிரஷர்ல அது சிலிண்டரைத் தள்ளற விசை 50 கிராம் அளவுதான். லீக்கான காத்து இடுக்குல பரவும், ராடு கொஞ்சம் சாய்ச்சு இழுக்கும், அதெல்லாம் சேர்த்தாலும் பேனா ஸ்பிரிங்கை விட சற்று கெட்டியானது போதும். டைட் பண்ணப் பண்ண உராய்வுதான் ஏறும், இன்ஜின் அங்கேயே செத்துடும்.

முகம் தட்டையா இல்ல, அதுதான் காரணம். கண்ணாடித் துண்டு மேல 600 நம்பர் வாட்டர் பேப்பரை வெச்சு, தண்ணியோ எண்ணெயோ விட்டு, எட்டு போடற மாதிரி தேய்ங்க. அதுக்கு முன்னாடி முகத்துல மார்க்கர் பேனாவால குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கோங்க. நாலு தேய்ப்புக்கு அப்புறம் திருப்பிப் பார்த்தா ஓரத்துல மட்டும் கோடு அழிஞ்சு நடுவுல மை அப்படியே இருக்கும், அங்கதான் பள்ளம். எல்லாக் கோடும் ஒண்ணா அழியற வரைக்கும் தேய்ச்சு, கடைசில 1000 நம்பர். ஓட்டை விளிம்புல பிசிறு இருந்தா பெரிய டிரில்லை விரலால ஒரு சுத்து சுத்தி எடுத்துடுங்க. பிவட் ஸ்டட் முகத்துக்கு செங்குத்தா இல்லைன்னா மட்டும் எவ்ளோ தேய்ச்சாலும் பிரயோஜனம் இல்ல.

வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு ரெண்டு முகத்தையும் ஒண்ணோட ஒண்ணு தேய்க்கலாம்னு சில பேர் சொல்வாங்க. பித்தளைல அந்தப் பொடி பதிஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் வாழ்நாள் பூரா உங்க இன்ஜின் தன்னைத்தானே அரைச்சுக்கும்.

எல்லாம் மாட்டிட்டேன், ஓடல. எங்க பார்க்கறது?

காத்துக் குழாயைக் கழட்டிடுங்க. கையால ஃப்ளைவீலை மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. எங்கயாவது ஒரு இடத்துல மட்டும் இறுக்குதா? அப்படின்னா கிராங்க் பின் ஷாஃப்டுக்கு இணையா இல்ல, நூத்துக்கு தொண்ணூறு அதுதான். த்ரோ 8-க்கு பதிலா 8.1 வந்தாக் கூட இன்ஜின் ஓடும், பின் சாய்ஞ்சிருந்தா ஓடாது. இதுக்காகத்தான் கிராங்க் டிஸ்க்கோட முகமும் ஷாஃப்ட் ஓட்டையும் ஒரே பிடியில முடிக்கணும்னு சொல்றது, அந்த முகத்தை டிரில் டேபிள்ல படுக்க வெச்சு பின் ஓட்டை போட்டா தன்னால இணையா வந்துடும். ஒட்டறதுக்கு லாக்டைட் 638 பசை போதும், வெல்டு வெச்சா வளைஞ்சுடும்.

முழு சுத்தும் ஒரே மாதிரி கனமா இருந்தா பேரிங் ரெண்டும் நேர்ல இல்ல, இல்லைன்னா ஸ்பிரிங் ஓவர் டைட். லேசா சுத்துது ஆனா காத்து குடுத்தா ஆடிட்டு நிக்குதுன்னா போர்ட் கணக்கு தப்பு, சிலிண்டர் முழுசா சாயும்போது ஓட்டை ஓட்டைக்கு நேரா வருதான்னு இன்லெட்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. எல்லாம் சரி, பாதி சுத்துல நின்னுடுதுன்னா ஃப்ளைவீல் லேசு, இது ஒரு பக்கம் மட்டும் தள்ளற இன்ஜின், திரும்பி வர்ற பாதியை ஃப்ளைவீல்தான் இழுத்துட்டு வரணும், எடை விளிம்புல இருக்கணும். சோப்புத் தண்ணி தடவினா லீக் எங்கன்னு நுரையே காட்டிக் குடுக்கும்.

சரியா செஞ்ச வாப்ளர் அரை பார்லயே ஓடும், பஞ்சர் கடை கம்ப்ரஸர் முழு பிரஷரைத் திறந்துவிட்டு ஓட்டறது ஓட்டமே இல்ல. புதுசுல கொஞ்சம் இறுக்கமா இருந்தா டிரில்லிங் மெஷினோட ஷாஃப்டைக் கோர்த்து நிறைய எண்ணெய் விட்டு கொஞ்ச நேரம் சும்மா சுத்த விடுங்க, கறுப்பா எண்ணெய் வரும், துடைச்சுட்டு திருப்பி.

குக்கர் ஆவில ஓட்டலாமா? விசிலுக்கு பதிலா டியூப் மாட்டினா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். குக்கர்ல வெயிட் நிக்கற அந்தக் குழாய்தான் முதல் பாதுகாப்பு, அதுல டியூப் சொருகி வேற எதோடயாவது இணைச்சா அதை நீங்களே அடைச்ச மாதிரி. அஞ்சு லிட்டர் குக்கர்ல இருக்கற சூடான தண்ணி மொத்தமும் ஒரே நேரத்துல ஆவியாக ரெடியா காத்துட்டு இருக்கும், இன்ஜினுக்குத் தேவை அதுல ஒரு துளி.

ஆவி வேணும்னா தனியா சின்ன பாய்லர், அதுவும் காத்துல நல்லா ஓட்டிப் பழகினதுக்கு அப்புறம். செம்பு டியூப், செம்பு மூடி. பித்தளைல பாய்லர் உடம்பு செய்யாதீங்க, சூட்டுலயும் தண்ணிலயும் துத்தநாகம் கழண்டு போய் உள்ள நொறுங்கலாயிடும், வெளிய பார்த்தா தெரியாது. ஜாயின்டெல்லாம் சில்வர் பிரேசிங், 600 டிகிரிக்கு மேல உருகறது. எலக்ட்ரானிக்ஸுக்குப் போடற ஈயம் 190 டிகிரிக்குள்ள உருகிடும், 3 பார்ல ஆவியே 144 டிகிரில இருக்கும், தண்ணி வத்தினா கேக்கவே வேண்டாம். சேஃப்டி வால்வு கட்டாயம். நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடி, உள்ள காத்தே இல்லாம தண்ணி நிரப்பி, ஓட்டப் போற பிரஷரை விட ரெண்டு மடங்கு கை பம்புல ஏத்தி நிறுத்திப் பார்க்கணும். தண்ணி அமுங்காது, அதனால ஜாயின்ட் விட்டாலும் ஒழுகும், வெடிக்காது.

25 லிட்டருக்குக் கீழன்னா பாய்லர் சட்டத்துக்குள்ள வராதேன்னு சில பேர் கேப்பாங்க. சட்டத்துக்கு வராது, ஆஸ்பத்திரிக்கு வரும்.

ஆவியும் வேண்டாம், கம்ப்ரஸரும் இல்ல, வேற என்ன?

ஸ்டிர்லிங் இன்ஜின். 1816-ல ராபர்ட் ஸ்டிர்லிங்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் பேட்டன்ட் எடுத்தது. மூடின இடத்துல இருக்கற காத்தையே சூடு பக்கமும் குளிர் பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளினா விரிஞ்சு சுருங்கி ஓடும், ஒரு ஸ்பிரிட் விளக்கு போதும். வெடிக்க ஒண்ணுமில்ல. ஆனா பவர் ரொம்ப கம்மி, கொஞ்சம் உராய்வு இருந்தாலும் அசையாது, அதனால வாப்ளர் முடிச்சவங்களுக்கு சொல்வேன். பழைய கண்ணாடி சிரிஞ்ச் கிடைச்சா பவர் சிலிண்டரும் பிஸ்டனும் ரெடி, அவ்ளோ நேர்த்தியா கிரைண்ட் பண்ணின ஜோடி நம்ம லேத்துல வரவே வராது.

ஊட்டி ரயில் இன்ஜினை ஸ்கேல்ல செய்யணும்னு ஆசை.

எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு. நீலகிரி ரயிலோட எக்ஸ் கிளாஸ், சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல இருந்து வந்தது, பொன்மலை ஒர்க்‌ஷாப்ல புதுசாவும் செஞ்சிருக்காங்க. நாலு சிலிண்டர் காம்பவுண்ட் (ஒரு சிலிண்டர்ல வேலை செஞ்ச ஆவியே இன்னொண்ணுலயும் வேலை செய்யும்), தண்டவாளத்துல ஓட ரெண்டு, நடுவுல பல்லுச் சக்கரத்துக்கு ரெண்டு. முதல்ல ஸ்கேல் கணக்கு பாருங்க, மீட்டர் கேஜ்ங்கறதால (தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு மீட்டர்) 45 எம்எம் டிராக்குக்கு 1:22 பக்கம் வரும், ஆளை இழுக்கற அஞ்சு இன்ச் டிராக்னா கிட்டத்தட்ட 1:8.

எல்லாத்தையும் அப்படியே சுருக்க முடியாதுங்கறது இங்கதான் உறைக்கும். எட்டுல ஒண்ணா சுருக்கினா 10 எம்எம் தகடு 1.25 எம்எம், எம் 16 போல்ட் எம் 2 ஆயிடும், ஆனா பிஸ்டன் பிளே சுருங்காது, ஆவியோட குணமும் மாறாது. அதனால வெளித் தோற்றம் ஸ்கேல்ல, உள்ள ஓடற பாகம் நம்ம வசதிக்கு, இப்படித்தான் எல்லாருமே செய்யறாங்க. பல வருஷ வேலை, தெரிஞ்சே இறங்குங்க.

இங்கிலாந்து டிராயிங்ல பிஏ திரெட் (சின்ன ஸ்க்ரூவுக்கான பழைய பிரிட்டிஷ் அளவு) போட்டிருக்கு, அந்த டேப் இங்க கிடைக்கலையே?

விடுங்க. 7 பிஏ-க்கு எம் 2.5, 5 பிஏ-க்கும் 6 பிஏ-க்கும் எம் 3, 8 பிஏ-க்கு எம் 2. எம் 3-க்கு 2.5 டிரில், எம் 2-க்கு 1.6. சின்ன டேப்பை ஹேண்டில்ல வெச்சு முறுக்காம, டிரில் சக்ல பிடிச்சு கையால சுத்துங்க, உடையாது.

லேத் பக்கத்துல என்னென்ன கூடாது?

லுங்கி, வேட்டி, தோள்ல துண்டு, முழுக்கை சட்டை, கையுறை, கழுத்துச் செயின், காப்பு. லேத்துக்கு கையுறை பாதுகாப்பு இல்ல, ஆபத்து, விரலை விட்டுட்டு கையுறையை மட்டும் இழுக்காது. சக் சாவியை சக்லயே விடற பழக்கம் ஒரு நாள் கூட வேண்டாம். பித்தளைச் சுருள் ஊசி மாதிரி தெறிக்கும், கண்ணாடி போடுங்க, வேலை முடிஞ்சதும் செருப்பை அங்கேயே கழட்டிட்டு வீட்டுக்குள்ள போங்க. பெட்ரூம் விரிப்புல ஒரு சுருள் கிடைச்சா அடுத்த டூல் வாங்கற பேச்சே எடுக்க முடியாது.

என்ன எண்ணெய் விடறது? மழைக்காலத்துல துரு பிடிக்குதே?

காத்துல ஓட்டறதுக்கு தையல் மெஷின் எண்ணெய், இன்லெட்ல ரெண்டு சொட்டு. ஆவிக்கு அது நிக்காது, கழுவிட்டுப் போயிடும், ஸ்டீம் சிலிண்டர் ஆயில்னு 460 கிரேடு தனியா இருக்கு, கெட்டியா இருக்கும். ஆவில ஓட்டி முடிச்சதும் உள்ள தண்ணி தங்கும், அதனால சூடு ஆறறதுக்குள்ள கொஞ்ச நேரம் காத்துல ஓட்டி வெளிய தள்ளிட்டு, எண்ணெய் விட்டு கையால நாலு சுத்து சுத்தி வைங்க. லேத் பெட்டுக்கு மழைக்காலத்துல ஹைட்ராலிக் ஆயில் தடவி பழைய காட்டன் துணி போட்டு மூடுங்க, பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அடியில வேர்த்துடும்.